பாக்கெட் கிழிந்த சாயங்காலம்

"இதைத் தைச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

மழைக்கு ஒதுங்கத் தையல்கடைக்குள் பாய்ந்த நர்ஸ், யாரிடம் என்றில்லாமல் கத்தினாள். கட்டில் கம்பியில் மாட்டிக் கிழிந்த பாக்கெட், யூனிஃபார்மில் நாக்கைத் தொங்கப்போட்டு ஆடியது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி. மதியம் சாப்பிடவும் இல்லை. போதாக்குறைக்கு இந்த மழை வேறு!

மேசைக்குப் பின்னால் நின்ற டெய்லர் கிழிசலைப் பார்த்தான். அந்தத் தையல்... அவன் போட்டதுதான். சொல்லிவிடலாமா? அவள் கையில் பேண்டேஜ் வெட்டும் கத்தரி இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"தைச்சுத் தரவா சிஸ்டர்?"

"வேணாம். இதை எரிக்கணும்."

சிஸ்டர்! ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. இவன் கூப்பிட்டால் மட்டும் ஏன் இப்படி எரிச்சலாக வருகிறது?

"அப்படி என்னங்க கோபம் அது மேல?"

கேட்டதுதான் தாமதம்... கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"கையைத் தூக்கி சலைன் மாட்டுனா சட்டை மேல ஏறுது. உக்காந்தா பேன்ட் இறுக்குது. மருந்து பட்டா கறை போக மாட்டேங்குது. பாக்கெட்டாம் பாக்கெட்டு! பேனா, கத்தரி, டார்ச் எல்லாம் எங்க வைக்கிறது, தலையிலயா? நாளைக்குப் புது யூனிஃபார்முக்கு சாம்பிள் வருது. எங்க ஆஸ்பத்திரி நர்ஸ் அறுபது பேருக்கும் நான்தான் பாத்து எடுக்கணும். தப்பாப் போச்சுன்னா இன்னும் ரெண்டு வருஷம் அறுபது பேரும் இதே பாடுதான்..."

கடைசி வரியில் குரல் லேசாக உடைந்தது. அவன் பென்சிலை எடுத்தான்.

"குனிஞ்சா என்ன ஆகும்?"

"படுங்க."

"எ... என்னது?"

"அந்த மேசை மேல படுங்க, பேஷன்ட் மாதிரி. உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது."

படுத்தான். அவள் ஒரு கையால் அவன் மணிக்கட்டில் நாடி பிடித்தாள். மறு கையால் தன் சட்டைக் கழுத்தை அழுத்திக்கொண்டு குனிந்தாள். மேல் பாக்கெட்டிலிருந்த பேனா சரிந்து அவன் மூக்கின் மேல் விழுந்தது.

"பாத்தீங்களா! ஒரு கை சட்டையைப் பிடிக்கவே போயிடுது. மிச்சம் இருக்கிற ஒரு கையை வச்சு நான் யாரைக் காப்பாத்த?"

அவன் மேலே பார்த்தான். மழைத்துளி ஒட்டிய இமைகள்... உள்ளே அத்தனை களைப்பு, அத்தனை கோபம். அதுவும் இவ்வளவு பக்கத்தில்!

"ஏங்க, நாடி ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

"மேசை... கொஞ்சம் உயரம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையை விட்டாள். அவள் கன்னத்தில் சூடு ஏறியது.

அந்த நேரம் பார்த்துத்தானா அவனுடைய அக்கா உள்ளறையிலிருந்து பார்சலோடு வர வேண்டும்?

"தம்பி, ஆஸ்பத்திரி சாம்பிள் கட்டிட்டேன். போன தடவை மாதிரியே தைச்சிருக்கு. ஆர்டர் நமக்குத்தான்!"

பார்சல் ஓரத்தில் எட்டிப் பார்த்தது அதே வெளிர்நீலத் துணி. அவள் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்போ... அந்த டெய்லர் நீங்கதானா? என் வாயைப் பிடுங்கி ஆர்டர் பிடிக்கவா இவ்வளவு நடிப்பு?"

அவனுக்கும் ரோஷம் வந்தது. "எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் தைச்சேன். குனியறதைப் பத்தி யாரும் சொல்லலியே."

"நீங்க கேட்டீங்களா?"

அவள் கொட்டும் மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

"யாருடா அது?" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷமா நம்ம துணியால கஷ்டப்படுறவங்க." அவன் பார்சலைப் பிரித்தான்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம். நான்கு சாம்பிள்கள், எதிலும் கடைப் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். அவளோடு சேர்த்து மூன்று நர்ஸ்கள் மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், கையைத் தூக்கினார்கள், கட்டிலில் படுக்க வைத்த ஸ்டோர்கீப்பர் மேல் குனிந்தார்கள்.

"மூணாம் நம்பர்!" என்றார்கள் மற்ற இருவரும் ஒரே குரலில்.

கரும்பச்சைத் துணி. குனிந்தாலும் விரியாத கழுத்து. இடுப்போரம் ஆழமான இரண்டு பாக்கெட், பேனாவுக்குத் தனி அறை, கம்பியில் மாட்டாத வாய். அவள் நேற்றுத் திட்டிய திட்டு ஒன்றுகூட வீணாகவில்லை. அவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே எரிச்சலும்... யாரைக் கேட்டு இவ்வளவு நன்றாகத் தைத்தான்?

"அதை எடுக்காதீங்க." வாசலில் அவன். கண்கள் சிவந்திருந்தன. "திருப்பி வாங்கிக்கிறேன். அளவெல்லாம் மத்த மூணு டெய்லருக்கும் எழுதிக் கொடுத்துட்டேன்."

"ஏன்?"

"நீங்க இதை எடுத்தா, ஆர்டருக்காக நடிச்சதா ஆயிடும். முதல்ல துணிக்காகத்தான் கேட்டேன். அப்புறம்... நீங்க பேசிட்டே இருக்கணும்னு கேட்டேன். நேத்துலேருந்து உங்க நினைப்பாவே இருக்கு. அது பொய்யில்லன்னு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? உங்க ரோஷத்துக்கு அறுபது பேர் இன்னும் ரெண்டு வருஷம் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா? அளவு கொடுத்தா கை வந்துடுமா அவங்களுக்கு?"

மூன்றாம் நம்பருக்கு எதிரே படபடவென்று கையெழுத்துப் போட்டாள்.

"இது அறுபது பேருக்காகப் போட்டது. ஒரு தையல் பிரிஞ்சாலும் மூட்டையோட திருப்பி அனுப்புவேன்."

"சரிங்க."

"உங்களைப் பிடிச்சிருக்கு. அது வேற விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க!"

சொன்னது என்னவென்று அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. அவன் நின்ற இடத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றான், பைத்தியக்காரன் மாதிரி...

கட்டிலிலிருந்து ஸ்டோர்கீப்பரின் குரல் மெல்லக் கேட்டது.

"நான் எந்திரிக்கலாமாம்மா... இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டுமா?"