சாயப்பட்டறையில் ஓர் இதயத்துடிப்பு

சொட்டச் சொட்ட நனைந்த நூல் மூட்டை ஒன்று தன் மடியிலிருந்த பெட்டியின் மேல் வந்து விழுந்ததும் கமலவேணிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"எடுங்க... முதல்ல அதை எடுங்க."

மூட்டைக்காரன் பதறிப்போய்த் தூக்கினான். பஸ் குலுங்கியதில் கை நழுவிவிட்டதாகச் சொன்னான். அவள் நிமிர்ந்தாள். முதலில் கண்ணில் பட்டவை அவன் கைகள்தான். முழங்கை வரை நீலம்... நகக்கண்ணில்கூட நீலம். அதற்கு மேலே, மழையில் நனைந்த முகத்தில், மன்னிப்புக் கேட்கும் இரண்டு பெரிய கண்கள். அவளுடைய கோபம் ஏனோ பாதி வழியில் நின்றுவிட்டது. வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, கார்த்திகை முதல் வாரம். பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் கரிப்புகையில் ஓடிய அந்த பஸ், சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்கு இருமிக்கொண்டே போனது. சென்னையில் குண்டு விழுமென்று கல்லூரியை மூடிவிட, விலங்கியல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவள் கமலவேணி. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் மூலையொன்றைக் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தாள். இன்று காலை அந்த அறையையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மல்லசமுத்திரத்து வீட்டுக்கே கொண்டு போகிறாள். பெட்டிக்குள் உமி, வெந்நீர் புட்டிகள்... நடுவில் பன்னிரண்டு கோழி முட்டைகள். ஒவ்வொரு ஓட்டிலும் சின்னதாக ஜன்னல் வெட்டி, உள்ளிருக்கும் கருவில் வேலை செய்து, மெழுகால் அடைத்திருந்தாள். சூடு குறைந்தால் அத்தனையும் வீண்.

அட்டையாம்பட்டிக்கு அரை மைல் இருக்கும்போது பஸ் நின்றது. கரி நனைந்துவிட்டதாம். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்றார் கண்டக்டர். கமலவேணி புட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் முட்டைகளின் மேல் உமியை அள்ளி அள்ளி மூடினாள்.

"முட்டைக்கா இத்தனை பயப்படறீங்க?" என்று கேட்டான் நீலக்கைக்காரன்.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"புரியாட்டிப் போகட்டுங்க. அதுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க."

"பாரன்ஹீட்ல நூறு டிகிரி... லேசாக் காய்ச்சல் அடிக்கற உடம்புச் சூடு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அவன் பெயர் வீரபாகு. அட்டையாம்பட்டியில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தான். தமக்கை பெருமாயியும் அவனுமாகத்தான் நடத்துகிறார்கள். அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் இருக்கும் என்று சொல்லி, கோணிச்சாக்கால் பெட்டியைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினான். முன்பின் தெரியாத ஆள் பின்னால் போகலாமா... என்று யோசிக்கவே அவளுக்கு நேரமில்லை. ஓடினாள்.

பட்டறையில் பெருமாயி தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். வீரபாகு ஒரு தொட்டியில் வெந்நீரையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றி, மணிக்கட்டை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு தலையசைத்தான். கமலவேணி வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். பாதரசம் நூறில் நின்றது. ஒரு கோடு கூடவுமில்லை, குறையவுமில்லை. அவனைப் பார்த்தாள்... அவன் தலை குனிந்துகொண்டான். அவளுக்கு எதனாலோ காது மடல் சூடானது.

தகரப்பெட்டி ஒன்றில் முட்டைகளை வைத்து அந்தத் தொட்டிக்குள் இறக்கினார்கள். மூச்சு வந்த பிறகு, பஸ்ஸில் சொன்ன வார்த்தைக்கு ஈடு செய்வதுபோல, தானே விளக்கத் தொடங்கினாள். ஒரு நாள் ஆன கரு வெறும் வெள்ளைக் கீற்றாகத்தான் இருக்கும். அதன் நுனியில் கடுகிலும் சின்னதாக ஒரு முடிச்சு. அந்த முடிச்சுதான் சுற்றியிருக்கும் உயிரணுக்களுக்குச் சேதி சொல்கிறது... நீ மூளையாகு, நீ முதுகெலும்பாகு என்று. அந்த முடிச்சை எடுத்து வேறொரு கருவின் ஓரத்தில் வைத்தால், அங்கேயும் போய்ச் சொல்லுமா? அங்கிருப்பவை அதைக் கேட்டு இரண்டாவதாக ஒரு கருவாக வளருமா? அதுதான் அவளுடைய கேள்வி.

"வாயில்லாம எப்படிங்க சொல்லும்?"

"என்னமோ ஒண்ணு அதுலயிருந்து ஊறிப் பக்கத்துக்குப் போகுதுன்னு சொல்றாங்க. அது என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"ஒரு நூல்ல இருக்கற சாயம் பக்கத்து நூல்ல எறங்கற மாதிரிங்களா?"

கமலவேணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கல்லூரியில் இதைப் புரியவைக்க அவளுடைய பேராசிரியைக்கு ஒரு வாரம் ஆனது.

அந்தப் பன்னிரண்டில் எட்டுப் பிழைத்தன. ஆனால் ஒன்றிலும் இரண்டாவது கரு உருவாகவில்லை. பேராசிரியை எழுதியிருந்தார்: மூன்று கருக்களிலாவது செய்து காட்டினால், கல்லூரி திறந்ததும் அங்கேயே வேலை, மேற்படிப்பு. நிலக்கடலை வியாபாரியான அப்பா காளியண்ணன் மகளுக்குக் கார்த்திகை முடியும் வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் ஈரோட்டு வக்கீல் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவார். பெருமாயி கூடவே இருப்பதால் பட்டறைக்குப் போய்வர மட்டும் ஒப்புக்கொண்டார்.

மூன்று வாரம் தினமும் பஸ்ஸில் வந்தாள். ஒரு தொகுதி அழுகியது. இன்னொன்றில் ஊசி பட்டுக் கருவெல்லாம் கிழிந்தது. ஒவ்வொரு நாளும் படியேறி உள்ளே போனதும் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் லேசாகச் சிரித்தால் முட்டைகள் நலம் என்று அர்த்தம். சில நாட்களாக, முட்டைகளுக்காக மட்டும்தான் அந்தச் சிரிப்பைத் தேடுகிறோமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அதை நினைத்தால் பயமாக இருந்தது.

கார்த்திகை முடிய நான்கு நாள். அதுதான் கடைசித் தொகுதி. காலையில் வந்தவள் வெப்பமானியைப் பார்த்தாள். நூற்று நான்கு.

வீரபாகுவின் பக்கம் திரும்பினாள்.

"எப்பயிருந்து இப்படி?"

"நேத்து ராத்திரியிருந்து அது அப்படித்தானுங்க காட்டுது. நான் கையைத்தான் நம்பினேன். சூடு சரியா இருக்குதுங்க அம்மிணி."

"எல்லாம் வெந்து போயிருக்கும்... நாலு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஆளை நம்புனது என் தப்பு."

அவன் முகத்தில் எதுவோ அணைந்தது. "தப்புத்தானுங்க" என்று மட்டும் சொன்னான். நூல் கூடையை எடுத்துக்கொண்டு மழைத் தூறலில் இறங்கி ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

கமலவேணி முதல் முட்டையின் மெழுகை விலக்கி லென்ஸை வைத்தாள். சிவப்பாக ஒரு பொட்டு... துடித்தது. நின்றது. மறுபடியும் துடித்தது. இதயம். இரண்டாவதிலும் அப்படியே. ஐந்தாவதில் லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கருவுக்குப் பக்கத்தில், முடிச்சை வைத்த இடத்தில், இன்னொன்று. சின்ன முதுகுத்தண்டின் அடையாளம், இருபுறமும் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். முடிச்சு சொல்லியிருந்தது. பக்கத்திலிருந்தவை கேட்டிருந்தன. எட்டாவதில் ஒன்று... பதினொன்றில் ஒன்று. மூன்று.

சொல்வதற்குத் திரும்பினாள். அவன் அங்கே இல்லை.

வெப்பமானியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாதரச இழை நடுவில் அறுந்து, மேல்துண்டு தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று மாலை அவள் கையிலிருந்துதான் வெப்பமானி நழுவித் தரையில் விழுந்தது.

"ராவெல்லாம் அவன் கண்ணு மூடலீங்க," என்றாள் பெருமாயி, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி. "யாரு ஒண்ணு சொன்னாலும் எந்தம்பி ரெண்டு திருப்பிக் குடுப்பான். உங்ககிட்ட மட்டுந்தான் பேசாமப் போறான்."

திருமணிமுத்தாற்றில் செந்நிறமாகப் புதுவெள்ளம். முழங்கால் தண்ணீரில் நின்று நூலை அலசிக்கொண்டிருந்தான் வீரபாகு. அவள் கரையில் நின்றாள். மூன்று கருக்களைப் பற்றிச் சொன்னாள். வெப்பமானி கெட்டுப்போனதைச் சொன்னாள். கடைசியில் மன்னிப்பும் கேட்டாள்.

"நல்லதுங்க," என்றான் அவன், நூலைப் பார்த்தபடி. "நீங்க பட்டணம் போயிருவீங்க. இதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்க மாட்டனுங்க."

"நீங்க வெச்சுக்கணும்."

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி இமையில் நின்ற அவள் கண்களில் இத்தனை நாள் பார்த்திராத ஒரு பயம்.

"எனக்கு இங்கயிருந்து போறதுக்கே பயமா இருக்குதுங்க. முட்டைக்காக இல்லை."

அவன் நூலைக் கூடையில் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தான்.

"மூணு வாரமா எனக்கும் அப்படித்தானுங்க," என்றான் வீரபாகு. குரல் தாழ்ந்திருந்தது. "சொல்ல நமக்கு என்ன யோக்கியதைன்னு வாயை மூடிட்டு இருந்தேன். உங்கய்யன் என்ன சொல்லுவாரோ?"

"தெரியாது. இன்னைக்கே கேட்டுறலாம்."

"தனியாப் போக வேண்டாங்க. நானும் வாரேன்."

அன்று பிற்பகல் மல்லசமுத்திரத்துக் கடலைக் கிடங்கில் காளியண்ணன், மகள் உமியில் பொதிந்து கொண்டுவந்த முட்டையை லென்ஸில் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துடிக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்திலிருக்கும் சின்னது எது என்று கேட்டார். மகள் விளக்கினாள். மெட்ராஸ் படிப்பைத் தொடரட்டும், தனக்கு ஆட்சேபணையில்லை என்றார். அதோடு பேச்சை முடித்திருக்கலாம். கமலவேணி திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் தோளில் ஒழுக, உள்ளே வரத் துணியாமல் நின்றிருந்தான் வீரபாகு.

"அப்பா... வக்கீலுக்கு வேண்டாம்னு எழுதிருங்க. எனக்கு வெளிய நிக்கற அவரைப் புடிச்சிருக்குதுங்கப்பா."

காளியண்ணன் வெளியே பார்த்தார். நீலக் கைகளைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார்.

"மழையில எத்தனை நேரமா நிக்கறாரு?" என்று மகளிடம் கேட்டார் அவர். "உள்ள வரச் சொல்லு சாமி."