அமாவாசைக்கு மெயினை இறக்குகிறவர்

கும்மிடிப்பூண்டியில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மதியம் ஒன்றரை மணி. தோளில் லேப்டாப். அங்குள்ள பிரஸ் ஷாப்பில் தகடு அழுத்தும் இயந்திரம் நான்கு மாதத்துக்கு முன்னால் ஃபிட்டர் ஆசீர்வாதத்தைக் கொன்றது. அதன் கண்ட்ரோல் போர்டு எங்கள் கம்பெனியுடையது. கோளாறு அந்தப் போர்டை இயக்கும் எங்கள் கெர்னல் நிரலில். என் அப்பாவும் பிரஸ்ஸில் நின்றவர்தான். அதனால் நானே வந்தேன்.

வெயிலில் கூரைத் தகடு முனகியது. உள்ளே பாதி இருட்டு, கருகிய எண்ணெய் வாடை.

"நீதான் அத்த சரி பண்ண வந்தியா, நைனா?" ஆப்பரேட்டர் கங்கம்மா கேட்டாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"ஆமாக்கா."

"இத்தினி வருசம் சும்மா கெடந்துது. அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு எறங்குச்சு?"

சொன்னேன். போர்டிலுள்ள கடிகாரம் நொடிக்கு ஆயிரம் எண்ணும். நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி நேரம் நிறுத்தாமல் ஓடினால் எண் நிரம்பி, பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்யம். 'இந்த எண் வரும்வரை பிரேக்கைப் பிடி' என்று கெர்னல் குறித்துக்கொள்ளும். நிரம்புகிற நேரத்தில் குறித்த எண் சுற்றிப்போய்ச் சின்னதாகிவிடும். கெர்னல் நேரம் முடிந்தது என்று நினைத்துப் பிரேக்கை விட்டுவிடும்.

கங்கம்மா மெயின் சுவிட்சைப் பார்த்தாள். "ஆசீர்வாதம் பீடியும் வாயுமா அமாவாசைக்கு அமாவாசை மெயின எறக்குவாரு. மிசினும் கொஞ்சம் மூச்சு உடட்டும்பாரு. சர்ச்சுக்குப் போற வேதக்காரரு அமாவாசை பாக்குறாருன்னு சிரிப்போம். புதுசா வந்த வரதன் சாரு அத்த நிறுத்திட்டாரு."

மெயின் இறங்கினால் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுவரை அது ஒரு மாதத்தைத் தாண்டியதே இல்லை.

தப்பான நிரல் வரியைத் திருத்தினேன். நிரம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போதே எண் தொடங்குமாறு வைத்து, இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைத்துப் பார்த்தேன். எண் சுற்றியது. தகட்டை அழுத்தும் இரும்பு அசையவில்லை.

சூப்பர்வைசர் வரதன் ஒப்பவில்லை. "ஓட்டிக் காட்டுனாத்தான் கையெழுத்து. யம்மா, தகட்ட வை. பயமா இருந்தா ஊட்டுக்குப் போ, நாளைக்கு வேற ஆளு."

"எனக்கு இருக்கறது இந்த ரெண்டு கைதான், நைனா," என்றாள் கங்கம்மா.

"நான் பாத்துட்டேன்கா. ஒண்ணும் ஆகாது," என்றேன்.

மறுபடி ஐந்து நிமிடம். அவள் தகடு வைத்தாள், எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள்.

எண் நிரம்பப் பத்து நொடி.

பீடி வாடை வந்தது. எங்களில் யாரும் பிடிக்கவில்லை.

நான்கு நொடி. அவள் கைகள் அச்சுக்குள்.

டக்.

மெயின் கைப்பிடி தானாக இறங்கியது. மின்சாரம் போனதும் ஸ்பிரிங் பிரேக் கடித்துக்கொண்டது. இறங்கத் தொடங்கியிருந்த இரும்பு அவள் விரல்களுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மெயின் அருகில் யாரும் இல்லை.

ஓடிப்போய் மேலே தள்ளினேன். ஏறவில்லை. யாரோ அதைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடியில் ஈரமான கிரீஸ் தடம். மூன்று விரல்.

"அச்சுலேந்து எடுத்தப்போ," கங்கம்மா கிசுகிசுத்தாள், "அவரு கையில மூணுதான் இருந்துது."

பிறகு, "இன்னிக்கு அமாவாசை."

வரதன் வாசலுக்கு ஓடிவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

இருந்தது. இயந்திரம் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற இன்னொரு பிரேக் டைமர். அதே தப்பான வரி. நான் திருத்தாமல் விட்டது.

திருத்தினேன். சேமித்தேன்.

முதுகுக்குப் பின்னால், டக்.

கைப்பிடி மேலே ஏறியிருந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

புது நிரலை ஏற்றிவிட்டு லேப்டாப்பை மூடப்போனேன். திரையின் மேல் விளிம்பில், பின்னாலிருந்து எட்டிப் படித்தவர் பிடித்த மாதிரி, மூன்று கிரீஸ் விரல்கள்.