உதவாத பொய்

தங்கராசா எழுதிய நாவலில் இருபத்து மூன்று அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் நாலு தரம் எழுதியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"அச்சடிக்க முந்தி ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, தங்கச்சி. முடிவில ஒரு ஓட்டை இரிக்கி. எனக்குப் பிடிபடுதில்ல," என்றார்.

கல்முனையில் அச்சகம் நடத்தும் ஹாஜறா பிழை பார்ப்பதில் பொல்லாதவர். கல்யாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயர் மாறியிருந்ததை, மாப்பிள்ளையே கவனிக்காதபோது கண்டுபிடித்தவர். பக்கம் வடிவமைக்கும் பாண்டிருப்புச் சுஜித்தாவுக்கோ துப்பறியும் கதை கிடைத்தால் சோறும் வேண்டாம்.

"நடந்த கதையா, சேர்?" ஹாஜறா முதலில் கேட்டது அதைத்தான்.

தங்கராசா தயங்கினார். காரைதீவில் பிறந்து, இளமையிலேயே மலைநாட்டுக்குப் போய், அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பி ஒரு வருடம்தான் ஆகிறது.

"ஓம். பெயரத்தான் மாத்தினன். தண்டனை வாங்கின ஆள் இப்பவும் மறியல்லதான் இரிக்கார். பன்னிரண்டு வருஷத்தில நாலு முடிஞ்சிது. அடுத்த மாசம் அப்பீல்."

ஹாஜறா கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்தார். மலைநாட்டு நகைக்கடை ஒன்றில் வியாழன் இரவு கொள்ளை. காவலாளியின் மண்டை உடைகிறது. பக்கத்துக் கடையில் வேலை செய்த வரிப்பத்தான்சேனை இளைஞன் பிடிபடுகிறான். வியாழன் இரவு ஊரில், வீட்டில் இருந்ததாக அவன் சொல்கிறான். மனைவியோ சாட்சிக் கூண்டில் ஏறி, "வெள்ளி ராவு அவர் ஊட்டதான் இருந்தாரு. ஜும்ஆவுக்குப் போடுற சேட்டுக்கு அயன் புடிச்சிக்கிட்டு இருந்தாரு," என்கிறாள். அரச வழக்கறிஞர் ஒரு பஸ் நடத்துநரை அழைக்கிறார். வெள்ளி இரவு அந்த இளைஞன் மலைநாட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தான் என்கிறார் நடத்துநர். மனைவி பொய்க்காரி என்று தீர்ப்பாகிறது.

"புருசன் ஒரு நாளச் சொல்றான், பொஞ்சாதி இன்னொரு நாளச் சொல்றா. பொய்தானே, ராத்தா! இதில எங்க ஓட்டை?" என்றாள் சுஜித்தா.

"களவு போனது வியாழன். புருசனக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்தவ வியாழனுக்குத்தானே சொல்லணும்? வெள்ளிக்கு என்னத்துக்குப் பொய்?"

"பதட்டத்தில மாறியிருக்கும்."

"திருப்பிக் கேட்டாங்களா, சேர்?"

"மூண்டு தரம். வெள்ளி ராவுதான் எண்டு அழுதழுது சொன்னா. புருசன் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி அமத்திட்டார். உதவாத பொய்ய அந்தப் பிள்ள ஏன் பிடிச்சுக்கொண்டு நிண்டா எண்டுதான் எனக்கு எழுத முடியல."

"அந்தச் சேட்டுக் கதை நீங்க கூட்டினதா?"

"இல்ல. அவ சொன்னதுதான். வழக்கேட்டிலயும் இரிக்கி."

ஹாஜறா தாளைக் கீழே வைத்தார். "சுஜித்தா, ஜும்ஆ எப்ப?"

"வெள்ளி பகல் தொழுகை. நீங்க அச்சகத்தப் பூட்டுற நேரம்."

"அப்ப ஜும்ஆ முடிஞ்ச வெள்ளியில, பொழுது பட்ட பொறகு, அந்தச் சேட்டுக்கு ஏன் அயன்?"

"அடுத்த கிழமைக்கு..." என்று தொடங்கிய சுஜித்தா, தன் பதிலைத் தானே நம்பாமல் நிறுத்திக்கொண்டாள்.

"எங்கட முஸ்லிம் ஆக்களுக்குப் பொழுது படுற மஃரிபோட நாள் மாறிரும், சேர். நீங்க வியாழன் இரவு எண்டு சொல்றதுதான் எங்களுக்கு வெள்ளி ராவு. அவர் வெளியூர்க் கடையில நிண்டு பழகினவர், அந்த ஊராக்கள் மாதிரி வியாழன் எண்டாரு. அவ ஊட்டுல கதைக்கிற மாதிரி வெள்ளி ராவு எண்டா. ரெண்டு பேரும் ஒரே ராவத்தான் சொல்லியிருக்காங்க. அவர் அண்டைக்கு ஊட்ட இருந்து, மறுநாள் ஜும்ஆவுக்குப் போய், பின்னேரம் பஸ் ஏறியிருக்காரு. நடத்துநரும் பொய் சொல்லல்ல."

தங்கராசா தாளைத் தன் பக்கம் திருப்பினார். "அவ சொன்னத நீதிபதிக்குச் சிங்களத்தில சொன்னது நான். வெள்ளிக்கிழமை இரவு எண்டு."

"சொல்லுக்குச் சொல் சரிதான், சேர். ராவுதான் மாறிப் போச்சி," என்றார் ஹாஜறா மெதுவாக.

"அப்ப அப்பீல்ல இத எடுக்கலாந்தானே!" சுஜித்தா துள்ளினாள்.

"கதைப் புத்தகத்தையும் என்ட கதையையும் கோர்ட்டு எடுக்காது, புள்ள. மொழிபெயர்த்தவர் சத்தியக்கடதாசி குடுத்தா, அவங்கட வக்கீல் அத முன்வைக்கலாம்."

தங்கராசா முப்பது வருடம் பிழையே விடாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர். அந்தப் பெயர் அவருக்குப் பெரிது. அவரைப் பார்க்க ஹாஜறாவுக்குப் பாவமாக இருந்தது; ஆனாலும் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவரே எழுந்து, சத்தியக்கடதாசி முடிக்கச் சமாதான நீதவான் வீடு எங்கே என்று கேட்டார்.

மறுநாள் மூவரும் வரிப்பத்தான்சேனைக்குப் போனார்கள். கதவைத் திறந்தவள் நிப்லா, அன்று சாட்சி சொன்ன மனைவி; தங்கராசாவை உடனே அடையாளம் கண்டாள். கதவு பாதி மூடியது.

"இன்னும் என்ன கேக்க வந்திருக்கீங்க? பொய்க்காரி எண்டு எனக்குப் பேரு. பள்ளிக்கூடத்துல என்ட புள்ளைக்கும் அதத்தான் சொல்றாங்க."

"கேக்க வரல்ல, மகள். நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. நான்தான் பிழையாச் சொன்னன். அத எழுதிக் கையெழுத்தும் வச்சிட்டன்." அவர் கடதாசியின் பிரதியை நீட்டினார்.

நிப்லா நின்றபடியே அதை வாசித்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். ஏழு வயது மகள் வந்து தாயின் அருகில் நின்றாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க, சேர்," என்றாள் நிப்லா. "இவ கேக்கணும்."