முன்னாடி போகும் பொத்தான்

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கவில்லை. ஆனால் செல்போன் நிற்கவும் இல்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். பெருமாள்மலைக்கு மேலே, சாலையிலிருந்து நாற்பது படி ஏறி வரவேண்டிய வீட்டின் சமையலறையில் லீலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து மின்சாரம் இல்லை. பள்ளத்திலிருந்து எழும்பிய பனிமூட்டம் பேரிக்காய் மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துவிட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, ஈரத்துணி வாடையும் யூகலிப்டஸ் புகையும் கலந்து அடுப்படிவரை வந்திருந்தது.

செல்போனிலிருந்து தகரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் வந்தது. அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு மூச்சு. கொர்ர்ரென்று இழுத்து, நடுவில் சிக்கி, விசிலடிப்பதுபோல் வெளியேறும் மூச்சு. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறாள், விழிக்கிறாள். அவள் கணவன் செல்வமுருகனுடையது. பழனி ரோட்டு வளைவில் வேன் உருண்டதிலிருந்து அவனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் இல்லை. கூடத்துக் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறான்.

திடீரென்று செல்போனுக்குள் ஒரு தட்டு விழுந்தது. கணீரென்று விழுந்து, உருண்டு, தள்ளாடி, எதிலோ முட்டி அடங்கியது. லீலா திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். தட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

திரையில் பாட்டின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே ஒரு வட்டப் பொத்தான்; அதன் இரண்டு பக்கமும் வளைந்த அம்புகள்; இரண்டிலும் பதினைந்து என்ற எண். பழைய போனில் நிறுத்துவதற்கென்று ஒரு சதுரம் இருந்தது. போன வாரம் கொழுந்தன் பிரசாந்த் வாங்கிக் கொடுத்த இந்தப் புதுப் போனில் அது இல்லை. வட்டத்தை அமுக்கினாள். முக்கோணம் இரண்டு கோடாக மாறியது. சத்தம் நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள், கோடு முக்கோணமானது. இந்தப் படம் இப்போது நடப்பதைக் காட்டுகிறதா, அமுக்கினால் நடக்கப்போவதைக் காட்டுகிறதா? திரையைக் கீழே இழுத்துத் தள்ளினாள். படம் மறைந்தது. மூச்சு மறையவில்லை.

எரிச்சலோடு, கீரைத்தண்டைக் கொட்ட எழுந்தாள். முழங்கை மேடையில் இடித்தது. தட்டு கணீரென்று விழுந்தது. உருண்டு, தள்ளாடி, அம்மியில் முட்டி அடங்கியது.

அதே சத்தம். கொஞ்சமும் மாறாமல்.

அவள் பிரசாந்தைப் போனில் கூப்பிட்டாள். அவன் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடையில் இருந்தான். பின்னால் பக்தர்களின் கூச்சல்.

"சொல்லுங்க மதினி. அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்காரு. இந்தப் போன்ல என்னமோ ஓடுதுப்பா. பாட்டு இல்ல. நிறுத்தவும் முடியல."

"வேற எதையாச்சும் அமுக்கிருப்பீங்க. நடுவுல ரெண்டு கோடு இருக்கும் பாருங்க, அதத் தொடுங்க."

"தொட்டுப் பாத்தாச்சு. தம்பி, முன்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு. அத மறுபடி கேக்கணும். எதுல போறது?"

"முன்னாடி போகணும்னா வலது பக்கத்து அம்பு மதினி. கடையில கூட்டமா கெடக்கு, அப்புறம் கூப்பிடுறேன்."

பேச்சு முடிந்ததும் மூச்சு தானாகவே மறுபடி தொடங்கியது.

லீலா வலது அம்பை அமுக்கினாள். தட்டு விழுந்த சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். கூரைச் சொட்டு, மூச்சு, எங்கோ ஒரு லாரியின் ஹார்ன். திரையில் ஓடும் புள்ளி வலது பக்கமாகத் தாவித் தாவிப் போவதை அப்போதுதான் கவனித்தாள். அவள் கேட்டது நடந்து முடிந்த முன்னாடி. பிரசாந்த் சொன்னது இனி வரப்போகிற முன்னாடி.

கீழே, பனிக்குள், லாரி ஒன்று ஹார்ன் அடித்தது.

போனைக் கீழே வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. எத்தனை தடவை அமுக்கினாள் என்று தெரியாது. ஓரிடத்தில் விரல் நின்றது. காலடிச் சத்தம். சிமெண்டுத் தரையில், கூடத்தில், மெதுவாக, ஒருவர் நடக்கும் சத்தம்.

இந்த வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒரே ஒருவர்.

போனோடு கூடத்துக்கு ஓடினாள். கட்டிலில் அவன் அப்படியேதான் கிடந்தான். சில்லிட்ட பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "எந்திரிக்கப் போறீங்களாங்க? நடக்கப் போறீங்களா?" என்றாள். அவன் கண்கள் கூரையை விட்டு அகலவில்லை. அவன் குரலைக் கேட்டு ஏழு மாதமாயிற்று. இந்தப் பொத்தானுக்குள் எங்காவது அதுவும் இருக்கும் என்ற ஆசையில் மறுபடி அமுக்கி, போனைக் காதோடு ஒட்டவைத்தாள்.

காலடி நெருங்கியது. மூச்சும் கேட்டது. கொர்ர்ர், சிக்கல், விசில்.

மூச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. நடக்கவில்லை.

அவள் கை அவன் பாதத்திலிருந்து நழுவியது.

நடப்பது இவர் இல்லை. இவர் படுத்தபடியே இருக்கிறார். இவரை நோக்கி யாரோ வருகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தரையில் மெல்லிய உலோகச் சத்தம். டிக். டிக். கட்டில் கிறீச்சிட்டது, யாரோ உட்கார்ந்தார்கள். துணி உரசியது. மூச்சு சட்டென்று மழுங்கியது, பஞ்சுக்குள் புதைந்ததுபோல. ஒருமுறை இழுத்தது. இன்னொருமுறை.

பிறகு சொட்டும் தண்ணீர் மட்டும்.

லீலா ஓரடி பின்னால் நகர்ந்தாள். தரை சத்தமிட்டது. டிக்.

குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தாள். மெட்டி.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை, படுக்கையை மாற்றும்போது, அவன் தலைக்கடியிலிருந்து தலையணையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நிற்கவேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உறையை மாற்றினாள். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

சமையலறைக்கு ஓடினாள். பிரசாந்தை அழைத்தாள்.

"வெரசா வா. இப்பவே கெளம்பு."

"என்ன மதினி? அண்ணனுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. என்னய அவரு பக்கத்துல விடாத."

"என்ன பேசுறீங்க? பஸ் ஏறி வரவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுமே. ரோட்டுல வேற பனியாம்."

"வந்துரு தம்பி," என்றாள். சிக்னல் அறுந்தது. மூச்சு தொடங்கியது.

அணைக்கப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். போன் அணையவில்லை. ஒரு பெண் குரல் கனிவாக, "நான் எப்படி உதவட்டும்?" என்று கேட்டது. லீலா அலறிக்கொண்டே அதைத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டாள். தெறித்த தண்ணீரில் அவள் முந்தானை நனைந்தது. உள்ளேயிருந்து குமிழ்களாக அது கொஞ்ச நேரம் முனகியது. பிறகு அடங்கியது.

கூடத்துக்குப் போகும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சோப்பு நுரையைத் தடவி, தோல் உரிய, இரண்டு மெட்டிகளையும் கழற்றி ஜன்னல் வழியே பனிக்குள் எறிந்தாள். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். அவரைத் தனியாக விட்டுவிட்டு வெளியே ஓட மனமில்லை. பக்கத்தில் போகத் துணிவில்லை. பிரசாந்த் வரும்வரை இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்காவிட்டால் எதுவும் நடக்காது. தனக்குள் அதையே சொல்லிக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வெள்ளையாக இருந்தது. அடுப்புத் தணல் சாம்பலானது.

டிக்.

லீலா தன் வெறும் கால்விரல்களைப் பார்த்தாள்.

டிக். டிக்.

கூடத்தில். வாசல் பக்கமிருந்து. மெதுவாக.

தவழ்ந்து போனாள். கதவுப் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தாள். பனி கூடத்திலும் இறங்கியிருந்தது. கட்டிலருகே ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். ஊதா நிறச் சேலை. லீலா கட்டியிருந்த அதே சேலை. அதே இடத்தில் நனைந்த முந்தானை. அதே கொண்டை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கிறீச்.

செல்வமுருகனின் கண்கள் கூரையை விட்டு இறங்கின. ஏழு மாதத்தில் முதன்முறையாக. அவளைப் பார்த்தன. உதடுகள் பிரிந்தன.

"லீலா," என்றான். தெளிவாக. சிறு பிள்ளையைப்போல நிம்மதியாக.

அவள் இடது கையால் அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். வலது கையில் தலையணை.

கதவுக்கு இந்தப் பக்கம், லீலாவின் விரல்கள் தாழ்ப்பாளைப் பற்றியிருந்தன. இழுத்தால் போதும். திறந்துவிடும்.

மூச்சு மழுங்கியது. ஒருமுறை இழுத்தது.

இன்னொருமுறை.

அவள் விரல்கள் தாழ்ப்பாளை இழுக்கவில்லை.