வலது இருக்கையிலிருந்து வந்த பதில்

“லெஃப்ட் இன்ஜின், கன்ஃபர்ம்?” என்று கேட்டாள் மோனிகா. செத்த இன்ஜினை அணைக்குமுன் ஒருவர் கேட்பதும், பக்கத்திலிருப்பவர் பார்த்து “கன்ஃபர்ம்ட்” சொல்வதும் விமானிகளின் வழக்கம். சிமுலேட்டர் என்னும் இந்தப் பொய் விமானத்தில் தனியாகச் சோதிக்கும்போது இரண்டையும் அவளேதான் சொல்லிக்கொள்வாள். இன்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஹெட்செட்டில் பதில் வந்துவிட்டது.

வலது இருக்கை காலி.

வெளியே தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டிக்குள் மட்டும் கம்ப்யூட்டர் காட்டும் இரவு, ஏசியின் முனகல், சூடான ஒயர் வாடை, அதற்கடியில் எங்கிருந்தோ மெல்லக் கசிந்துவரும் உப்புத்தண்ணீர் நாற்றம். கண்ணாடிக்கு அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பொய் விளக்குகள். இதே ரக விசிறி விமானத்தை ஓட்டிப்போய்த்தான் அவள் கணவன் இம்மானுவேல் போன வருஷம் பயணிகளோடு அந்தக் கடலில் விழுந்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? விமானப் பாகங்களைச் சோதித்துப் பாஸ் போடும் இந்த வேலையை வாங்கித் தந்தது இம்மானுவேலின் சிநேகிதன் சாம்சன். செத்த இன்ஜினை விட்டுவிட்டு நல்ல இன்ஜினை இம்மானுவேல் தவறுதலாக அணைத்துவிட்டான் என்று துக்க வீட்டில் அழுதுகொண்டே சொன்னவனும் அவன்தான்.

மோனிகா இடது இன்ஜினை அணைக்கும் லீவரை இழுத்தாள். ஒற்றை இன்ஜினில் விமானம் மெல்ல ஏற வேண்டும். ஏறவில்லை. காற்றுக்கு வழிவிட்டுத் திரும்ப வேண்டிய இடது விசிறி, சாத்திய கதவைப் போலக் குறுக்கே நின்றது. கடல் எழும்பி வந்தது. திரை அணைந்தது.

மறுபடி செய்தாள். அதே பதில். அதே கடல்.

“சாம்சன் அண்ணா, கரெக்டாத்தான அணைச்சேன்? இன்னாத்துக்கு வுழுது?”

வெளியே கன்சோலில் இருந்த சாம்சன் மைக்கைக் கிட்டே இழுத்தான்.

“நெஜ பிளேன்லயும் அந்த விசிறி அப்டித்தாம்மா, எப்பவாச்சும் மாட்டிக்கும். போன தபா தெரிஞ்சும் நான்தான் பாஸ் போட்டேன். நீயும் போட்டுடு, பேஜார் பண்ணாத.”

“அப்போ அவரு…?”

“கரெக்டாத்தான் அணைச்சாரு. செத்தவரு மேல பழியப் போட்டா யாருக்கும்மா நஷ்டம்? எனுக்கும் புள்ளகுட்டி கீது.”

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறான். இவன் பேச்சைக் கேட்டு, செத்த பயணிகளின் வீடு வீடாகப் போய், என் புருஷனை மன்னிச்சிடுங்க என்று காலில் விழுந்தாளே!

“நான் போட மாட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். மிஷினை நிறுத்து!”

“அப்பவே நிறுத்திட்டேம்மா. உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?”

ஓடுபாதை விளக்குகள் நகரத் தொடங்கின.

லீவர்கள் தாமாக முன்னே போயின. பெட்டி அதிர்ந்தது. வலது இருக்கையின் மெத்தை மெதுவாக அமுங்கியது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நீயுமா நம்புன, மோனி?”

இம்மானுவேல். கோபமே இல்லாத குரல்.

“இல்லீங்க…” என்றாள். பொய். ஒருநாள்கூட அவள் சந்தேகப்படவில்லை.

இடது இன்ஜின் நின்றது. விமானம் சாய்ந்தது. பெல்ட்டைப் பிய்த்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

கதவு இல்லை.

இருட்டுக்குள் நீளும் இருக்கை வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஆள். முகத்தில் ஒட்டிய ஈர முடி. எல்லாம் தெரிந்த முகங்கள். அவள் போய் அழுத வீடுகளில் மாலை போட்ட படங்களாக இருந்தவை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

பிறகு, விழப்போகும் விமானத்தில் செய்வது போல, எல்லோரும் ஒரே நேரத்தில் தலை குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள்.