மூன்றாவது கதவு

என் தம்பி தூரிக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஐந்தாம் நாள் அம்மா சூசையப்பர் படத்தின் முன்னால் முழங்காலிட்டாள். "என் பிள்ளை பிழைச்சா உங்களுக்கு மேசை போடறேன்" என்று நேர்ந்துகொண்டாள். ஆறாம் நாள் தூரி எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டான். ஏழாம் நாள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான்.

அப்படித்தான் சூசையப்பர் திருநாளான மார்ச் பத்தொன்பதாம் தேதி எங்கள் வீட்டில் மேசை போடுவது என்று முடிவானது. ஏழைகளைச் சாமிகளாக உட்கார வைத்துப் பரிமாறும் விருந்து அது.

நியூ ஆர்லியன்ஸில் எங்கள் தெரு முழுக்க சிசிலிக்காரர்கள்தான். கப்பலில் ஊரையே சுருட்டி எடுத்து வந்தவர்கள் மேசை போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டா வருவார்கள்?

"அகத்தா, சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு மூணு பேரையும் நீதான் தேடிப் பிடிக்கணும். எனக்கு மாவு பிசையவே நேரம் பத்தாது" என்றாள் அம்மா.

எனக்கு வயது பத்து. சாமிகளைத் தேடும் வேலை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. விதிமுறை கேட்க எதிர்வீட்டு நின்ஃபா அம்மாளிடம் ஓடினேன். தெருவில் அவளுக்குத் தெரியாத விதியே கிடையாது.

"ஏழையா இருக்கலாம். வழிப்போக்கனா இருக்கலாம். போக வீடில்லாதவங்களா இருக்கலாம்" என்றாள் நின்ஃபா, அத்திப்பழ ரொட்டியை உருட்டிக்கொண்டே. "அவங்க மூணு கதவைத் தட்டணும். முதல் ரெண்டு கதவுல 'இடமில்லை, போ'ன்னு விரட்டிடுவோம். மூணாவது உங்க வீடு. அங்க திறந்தே ஆகணும். வீட்டுக்காரர் செருப்பில்லாம நின்னு, அவங்க கையைக் கழுவிவிட்டு, தானே பரிமாறணும்."

"அப்பாவுக்குப் பிடிக்காதவங்க வந்தா?"

"அன்னிக்கு வர்றவங்க சாமிடி. சாமியில பிடிச்ச சாமி பிடிக்காத சாமின்னு உண்டா?" அவள் கை நின்றது. "ஏன், யாரை மனசுல வெச்சிருக்க?"

நான் ஒரு ரொட்டியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். வாய் நிறைய ரொட்டி இருப்பவளிடம் யார் கேள்வி கேட்க முடியும்?

மனதில் இருந்தவள் ரொசாலியா அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவர அப்பா மூன்று பருவம் கரும்பு வெட்டினார். அந்தத் தழும்புகள் இன்னமும் அவர் கைகளில் இருக்கின்றன. வந்தவளுக்கு மளிகைக் கடைக்காரர் வீட்டில் மாப்பிள்ளையும் பார்த்தார். அத்தையோ எலுமிச்சைக் கிடங்கில் வேலைக்குப் போன இடத்தில் டெஸ்மண்டைப் பார்த்துவிட்டாள். அவர் அயர்லாந்துக்காரர். பழப்பெட்டி அடிக்கும் தச்சர். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு திங்கட்கிழமை இருவரும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அதற்கு அப்புறம் நான்கு வருடம் அப்பா அவள் பெயரைச் சொல்லவில்லை. அத்தையும் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. அவர்கள் குழந்தை மைக்கேலுக்கு இரண்டு வயதாகிவிட்டது. அப்பா அவனைப் பார்த்ததே இல்லை.

நான் கிடங்குக்குப் போனேன். அத்தை அழுகிய எலுமிச்சைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் கையிலிருந்த பழம் உருண்டு ஓடியது.

"உனக்கென்ன பைத்தியமாடி? தெருவே பார்த்துட்டு இருக்கும்போது அண்ணன் கதவைத் திறக்கலைன்னா?"

"மூணாவது கதவைத் திறக்காம இருக்கக் கூடாது அத்தை. அம்மா நேர்ந்தது பொய்யாயிடும்."

"ரெண்டு கதவுல விரட்டுவாங்களே."

"அது எல்லா சாமியையும்தான் விரட்டுவாங்க."

பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்த டெஸ்மண்ட் மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். எங்கள் பேச்சு அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். "சாப்பாடு உண்டா?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டு வகை."

"அப்ப நான் வரேன். உங்க அத்தை வராட்டி பரவாயில்லை, பையனை நான் தூக்கிட்டு வரேன்."

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா கேட்டார்: "சாமிங்களைப் பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன் அப்பா. நம்ம வீட்டுக்கு வரணும்னு ஆசைப்படற, ஆனா வர முடியாத குடும்பம்."

"நல்லது. அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் மேசை" என்றார் அப்பா. அவர் "யார்" என்று கேட்பதற்குள் நான் தெருவுக்கு ஓடிவிட்டேன்.

திருநாள் அன்று காலையில் முன்னறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் வீடுதானா?

சுவர் உயரத்துக்கு மூன்று படி வைத்த மேசை. படி முழுக்க வெள்ளைத் துணி. சிலுவை வடிவத்தில் ரொட்டி, ஏணி வடிவத்தில் ரொட்டி, சூசையப்பரின் தாடி மாதிரி சுருள்சுருளாக ரொட்டி. பொரித்த மீன்களின் முதுகில் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஓடியது. ஆரஞ்சுப் பழங்கள் சின்னச் சின்ன சூரியன்களாக அடுக்கடுக்காக இருந்தன. பாஸ்தாவின் மேல் வறுத்த ரொட்டித்தூள் தூவியிருந்தது. தச்சரான சூசையப்பரின் மரத்தூளாம் அது. இவ்வளவையும் அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டு வாங்கித்தான் அம்மா செய்தாள். நேர்ந்த மேசைக்குச் சொந்தக் காசை மட்டும் போடக் கூடாது. நாலு வீட்டில் கையேந்த வேண்டும்.

தூரி கூடச் சத்தம் போடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு என் பாவாடையைப் பிடித்திருந்தான்.

நடுப்பகலில் தெருமுனையில் சாமிகள் வந்து நின்றார்கள். அத்தை நீலத் துணியால் தலையை மூடியிருந்தாள். மாமா கையில் ஒரு நீளக் குச்சி. அவர் தோளில் மைக்கேல், தலையில் காகிதக் கிரீடம். அதைக் கழற்றிக் கழற்றிக் கடித்துக்கொண்டிருந்தான்.

நான்தான் முன்னால் நடந்தேன். முதல் கதவு நின்ஃபாவுடையது.

"யாரது?"

"இயேசு, மரி, சூசை" என்றாள் அத்தை.

"என்ன வேணும்?"

"சாப்பாடும் தங்க இடமும்."

நின்ஃபா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை மறந்து அப்படியே நின்றாள். பிறகு, "இடமில்லை, போங்க" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, "போடி ரொசாலியா, தைரியமா போ" என்று முணுமுணுத்தாள்.

இரண்டாவது கதவு செருப்பு தைப்பவருடையது. அங்கேயும் விரட்டினார்கள். எங்கள் பின்னால் தெருவே நடந்து வந்தது.

மூன்றாவது கதவை நான் தட்டினேன்.

"யாரது?" அப்பாவின் குரல். திருநாளுக்கென்று கம்பீரமாக வைத்துக்கொண்ட குரல்.

"இயேசு, மரி, சூசை" என்றாள் அத்தை. நான்கு வருடம் கழித்து அப்பா கேட்கும் குரல்.

உள்ளே சத்தமே இல்லை.

நான் மரக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா என்ன செய்கிறார்? கரும்புக் காட்டை நினைக்கிறாரா? அந்தத் திங்கட்கிழமையை நினைக்கிறாரா? அத்தை என் கையைப் பிடித்தாள். "போயிடலாம்" என்று உதட்டை அசைத்தாள். நான் விடவில்லை.

"என்ன வேணும்?" என்றது கதவு. இப்போது அது கம்பீரமான குரலாக இல்லை.

சாப்பாடும் தங்க இடமும் என்று அத்தை சொல்ல வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை.

"உள்ள வரணும் அண்ணே" என்றாள்.

கதவு திறந்தது.

அப்பா வெறுங்காலோடு நின்றார். கையில் தண்ணீர்க் கிண்ணம். யார் முகத்தையும் பார்க்காமல், "வாங்க. உங்களுக்காகத்தான் மேசை போட்டிருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைக்கேலின் குட்டிக் கைகளைக் கழுவினார். மாமாவின் கைகளைக் கழுவினார். அத்தையின் கைகளைப் பிடித்ததும் நிறுத்தினார். எலுமிச்சைச் சாறு அரித்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. தழும்பு விழுந்த பெரிய கைகளுக்குள் வெடித்த சின்னக் கைகள். அப்பா ஒவ்வொரு விரலாகக் கழுவினார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மேசையின் அழகையெல்லாம் மறந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமிகள் எல்லா வகையையும் ருசி பார்த்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். மாமா ருசி பார்ப்பதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை வாங்கினார்.

"சூசையப்பருக்கு நல்ல பசி" என்றார் செருப்பு தைப்பவர்.

"தச்சு வேலைன்னா சும்மாவா?" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் யாருக்காகப் பரிந்து பேசினோம் என்று அவருக்கே தெரிந்தது போல, அவசரமாக மீன் தட்டை எடுத்தார். மைக்கேல் சூசையப்பரின் ரொட்டித் தாடியைப் பிய்த்து அப்பாவின் வாயில் திணித்தான். அப்பாவும் மென்றார்.

முப்பத்திரண்டாவது தட்டும் முடிந்தது. வழக்கப்படி அப்பா சாமிகளுக்கு ஒரு பை நிறைய ரொட்டி கொடுத்தார். அத்தை எழுந்தாள்.

"போயிட்டு வரேன் அண்ணே."

"சாமிங்க போகட்டும்" என்றார் அப்பா. "நீ எங்க கிளம்பற? இவ்வளவு பாத்திரத்தையும் உங்க அண்ணி ஒருத்தியே கழுவணுமா?"

அத்தை தலையிலிருந்த நீலத் துணியை எடுத்து என் கையில் கொடுத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அன்று எங்கள் வீட்டில் மலை மாதிரி தட்டுகள் குவிந்திருந்தன. அத்தை ஒவ்வொன்றையும் மெதுவாக, மிக மெதுவாகக் கழுவினாள்.