பிழைப்பூட்டு

முத்துப்பேச்சியின் கை மறுபடியும் நின்றுவிட்டது. இரும்புக் குண்டு கழுத்தோடு ஒட்டிக் கிடக்க, தோள் கல்லாகிப்போனது. நேரம் முடிந்து சிவப்புக் கொடி ஏறியது. குண்டெறிதல் தேர்வில் இரண்டாவது வாய்ப்பும் போயிற்று.

பிடரியில், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் இருந்தது பிழைப்பூட்டு. எறியப்போகும் அசைவை நரம்பிலேயே படித்துவிடும். முழங்கை ஒரு நூல் தாழ்ந்தாலும் தசையைப் பூட்டிவிடும். தப்பான எறி கையை விட்டே போகாது. அது வந்த பிறகு பயிற்சிக்கூடத்தில் யாரும் மோசமாக எறிந்ததில்லை. வருடாவருடம் பூட்டை இறுக்கினார்கள். போகப்போக யாரும் அதிகம் எறியவும் இல்லை.

மிச்சம் ஒரு வாய்ப்பு. அதிலும் குண்டு விழாவிட்டால் பயிற்சிக்கூடத்தில் இடமில்லை. பிறகு உப்பளம்தான். அம்மாவைப் போலப் பாதவெடிப்போடு உப்புச் சுமக்க வேண்டியதுதான். அங்கே கூடை சரிந்தால் சரிந்தபடியே நடப்பார்கள். நிற்க யாருக்கும் நேரமில்லை.

பூட்டு வைக்க வசதியில்லாத தங்கமாரி, கால் இடறிக் கோணலாக எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள்தான் முதலிடம். பூட்டுக்காரிகளில் பாதிப்பேருக்குக் குண்டே விழவில்லை.

“ஏக்கா, குண்டுக்கு முத்தம் குடுத்துக்கிட்டே நிக்கியே! தூக்கிப் போட்டுட்டு வா. மண்ணு என்ன, கொறையா சொல்லப்போவுது?” என்றாள் தங்கமாரி.

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலியோரம் நின்ற பயிற்சியாளர் அமல்ராஜிடம் ஓடினாள்.

“சார், பூட்ட அணைச்சு விடுங்க. இந்த ஒரு தடவ. கோணலாப் போனாலும் போவட்டும்.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “காலையிலயே அணைச்சாச்சு, பேச்சி.”

“வெளையாடாதீங்க சார்.”

பூட்டின் தொலையியக்கியைக் கையில் திருப்பிக் காட்டினார். விளக்கு செத்துக் கிடந்தது. “சொன்னா பயப்படுவியேன்னுதான் சொல்லல.”

அவள் பெயரை அழைத்தார்கள். வட்டத்துக்குள் போய்க் குண்டைக் கழுத்தில் பதித்துக் குனிந்தாள். முழங்கை ஒரு நூல் தாழ்வு. சரிசெய்தாள். இப்போது இடுப்பு. அதையும் சரிசெய்தாள். மறுபடி முழங்கை.

“போடுக்கா! சும்மா போடு!” தங்கமாரி கத்தினாள்.

போடத்தான் நினைத்தாள். தோள் கல்லானது.

சிவப்புக் கொடி.

அடுத்த வாரம் பூட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து அமல்ராஜின் கையைக் குலுக்கினார்கள். கருவியே தேவைப்படாத அளவுக்குத் தேறிய முதல் ஆள் அவள்தானாம். பிடரியைக் கீறி அதை எடுத்து, கழுவி, வேறொரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள்.

உப்பளத்தில் முதல் நாள். முத்துப்பேச்சி கூடையைத் தலையில் ஏற்றினாள். கால் எடுத்து வைக்கவில்லை. பின்னால் சுமையோடு வரிசை தேங்கியது.

“ஏட்டி, நட! வெயிலு மண்டைய பொளக்குது,” என்றாள் அம்மா.

கூடை ஒரு நூல் சரிந்திருந்தது.